இரண்டாவது உருண்டை

முக்கூடல் வீட்டில் அப்பாவுக்குத் திவசம். காக்கை பிண்டத்தை எடுக்கும்வரை பல்லில் பச்சைத் தண்ணீர் படக்கூடாதென்று சுந்தர்ராமன் காலை மாத்திரையைத் தள்ளிப்போட்டிருந்தார். வேறொருவனுடைய குடலைப் பொருத்திக்கொண்டவர் அவர். அது அந்நியமென்று கண்டு உடம்பு தாக்கிவிடாமல் தடுப்பது அந்த மாத்திரைதான்.

காக்கைகள் வேம்பில் இருந்தபடியே பார்த்தன. மதிலில் உருண்டை காய்ந்தது. அவருக்கு வயிறு முறுக்கத் தொடங்கியது.

"அந்தப் பிள்ளைக்கும் ஒண்ணு வையுங்கோளேன்," என்றாள் மனைவி ஜயலக்ஷ்மி.

குடல் தந்தவனைச் சொல்கிறாள். விபத்தில் போன இளைஞன் என்பதற்குமேல் எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சுந்தர்ராமன் நர்ஸிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ன ஜாதி? சைவம்தானே?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது சார்," என்றாள் அந்தக் களக்காட்டுப் பெண். "அவன் அம்மையும் ஒண்ணுதான் கேட்டாவ. குடல வாங்கிக்கிடுதவிய இனிமே வயிறு நிறையச் சாப்பிடுவாவளான்னு."

சுந்தர்ராமன் இன்னொரு உருண்டையை உருட்டி மதிலில் வைத்தார். சொல்லப் பெயருமில்லை, கோத்திரமுமில்லை. ஒரு காக்கை இறங்கி வந்து, அப்பாவுடையதைத் தாண்டிப்போய், அதைக் கொத்தியது.

முறுக்கல் அடங்கியது. காக்கை கொத்தக் கொத்த, அவர் வயிற்றுக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசிப் பருக்கையும் போனபோது பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது. அதில் சுட்ட கருவாடு மணத்தது.

சாஸ்திரிகளுக்குத் தெரிந்துவிடக்கூடாதென்று அங்கவஸ்திரத்தால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இலை போட்டாச்சு, வாங்கோ," என்றாள் ஜயலக்ஷ்மி.

அவர் தலை நிமிரவில்லை.

"வேண்டாம். வயிறு நிறைஞ்சிருக்கு."