வால் மட்டும் பாக்கி

“வாலு முடியட்டும்ங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்கு என்ன, எங்கே கூப்பிட்டாலும் வரேன்.”

தலையணையில் சாய்ந்தபடி சொன்னாள் அவள். கையில் கத்தரிக்கோல். காலையில்தான் குளியலறை வாசலில் கண் இருட்டிச் சரிந்திருந்தாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

எதிர்ச் சுவரில் ஆளுயர மீன் ஒன்று வாலில்லாமல் சாய்ந்திருந்தது. அட்டைப்பெட்டியில் வெட்டிய உடம்பு. அதன் மேல் வரிசை வரிசையாக வெள்ளிச் செதில்கள். தினம் ஒன்றாக அவள் போட்டுக்கொண்ட பிரஷர் மாத்திரையின் காலி அட்டைகளை, குமிழ் குமிழாக நறுக்கி ஒட்டியது. இரண்டு வருஷச் சேமிப்பு.

அந்த வீட்டில் குப்பை வண்டிக்கு வேலையே கிடையாது. சுருட்டிய செய்தித்தாள் பூச்சாடியாகும். தேய்ந்த டூத் பிரஷ் சுடுதண்ணீரில் வளைந்து சாவி மாட்டும் கொக்கியாகும். ஒரு துரும்பை எறியவும் அவளுக்குக் கை வராது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் கண்காட்சி. வாசலில் நிற்கப்போவது அவள் மீன்தான்.

புருஷன்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வழியில் நின்றுபோன எந்த லிஃப்டையும் ஒரு ஸ்பேனரோடு போய் இறக்கிவிடுவார். பெண்டாட்டி விஷயத்தில்தான் எங்கே கை வைப்பதென்று தெரியாமல் ஒரு மாதமாக விழித்துக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டு டீச்சர் ஒரு பையோடு உள்ளே வந்தாள்.

“அக்கா, தெருவுல ஒரு வீடு பாக்கி விடாம கேட்டு வாங்கிட்டேன். மாத்திரை அட்டை முப்பதாவது தேறும்.”

கட்டிலில் இருந்தவள் பையைக் கவிழ்த்துப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். “இது நீளக் குமிழு. இது சிவப்பு. ஒரே மீனுக்கு ரெண்டு தோலா டீச்சர்? எனக்கு என் மாத்திரை அட்டைதான் வேணும்.”

“அப்போ வாலுக்கு என்னக்கா பண்ணுவீங்க?”

“அதெல்லாம் சேந்துடும்.”

“பாத்தீங்களா டீச்சர்? எழுந்து நிக்கத் தெம்பில்ல, பேச்சுல மட்டும் குறைச்சல் இல்ல” என்றார் மெக்கானிக். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

டீச்சரை வழியனுப்பும் சாக்கில் வாசல்வரை வந்தார்.

“டாக்டர் என்னதான் சொல்றாரு அண்ணா?”

“மாத்திரையை ஒழுங்கா போடறாங்களான்னாரு. காலையில ஒண்ணு, என் கண்ணு முன்னாடிதான் போடறான்னேன். அப்படியும் பிரஷர் இறங்கிட்டே போகுதாம். இதயம் ஓய்ஞ்சு வருதோன்னு சந்தேகப்படறாரு. டெஸ்ட்டெல்லாம் எடுத்திருக்கு. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு டீச்சர். அதான் இந்த அவசரம். எனக்குன்னு ஒண்ணை விட்டுட்டுப் போகப் பாக்கறா.”

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் டாக்டரே போன் பண்ணினார்.

“ரிசல்ட் வந்துடுச்சுங்க. இதயத்துல ஒரு கோளாறும் இல்ல. அப்புறம் ஏன் இப்படிங்கிறது எனக்கே பிடிபடலை.”

“நீங்களே இப்படிச் சொன்னா நான் யாருகிட்ட போவேன் டாக்டர்?”

“எதுக்கும் அந்த மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடுங்க. பெட்டியை எடுத்து நீங்க வெச்சுக்குங்க. நாளைக்குக் காலையில அவங்களைக் கூட்டிட்டு வாங்க.”

மெக்கானிக் அலமாரிக்குப் போனார். மூன்று மாதத்துக்கு வேண்டிய மாத்திரையை அவர்தான் போன மாதம் வாங்கி வந்து வைத்திருந்தார். பெட்டியை எடுத்தார். காற்றாக இருந்தது. திறந்து, கவிழ்த்து, உள்ளே விரல் விட்டும் பார்த்தார். ஓர் அட்டைகூட இல்லை.

பெட்டியோடு அறைக்குள் வந்தபோது அவள் கடைசிச் செதிலைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துக் கிடந்தது. கண்ணில் மட்டும் அப்படி ஒரு வெளிச்சம்.

“முடிஞ்சுதுங்க! எப்படி இருக்கு, சொல்லுங்க.”

“மூணு மாசத்து மாத்திரைம்மா. ஒரு மாசத்துல பெட்டி எப்படிக் காலியாச்சு?”

அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். “வாலுக்கு அட்டை பத்தலைங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு பிரிச்சா, ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்கேருந்து சேரும்?”

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை நாளாக எந்தத் தெய்வத்தை நொந்துகொண்டோம், எந்த டாக்டரைத் திட்டினோம் என்றெல்லாம் ஓடியது.

“அடிப்பாவி! உயிர் காக்கற மருந்து. காலையில எனக்குக் காட்டறதுக்கு ஒண்ணை வாயில போட்டுத் துப்பிட்டு, மிச்சத்தை எல்லாம் பிதுக்கிக் குப்பையில கொட்டினியா?”

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“கொட்டறதா? நான் எதையாவது வீணாக்கிப் பாத்திருக்கீங்களா? தினம் மூணு மூணா நானே முழுங்கிட்டேங்க!”