பீரோவுக்குப் போன ரோஜா சோப்பு

குளியலறைப் பலகையில் புதிதாக வந்திறங்கிய ரோஜா சோப்புக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்குக் குட்டிப் பாப்பா மகிழினியை அதுதானே குளிப்பாட்டப் போகிறது!

"ஏண்டா வெள்ளையா, உனக்கு வாசனைன்னு ஏதாச்சும் இருக்கா?" என்று பக்கத்திலிருந்த பழைய சோப்பைச் சீண்டியது.

"இல்லைதான் அம்மணி. ஆனா பாப்பாவுக்கு எது பட்டாலும் தோல் தடிச்சிடும். அதனாலதான் என்னை வச்சிருக்காங்க."

"பொறாமைடா உனக்கு!"

சாயங்காலம் அம்மா வந்து, ரோஜாவின் நுரையைப் பாப்பாவின் முழங்கை மடிப்பில் மட்டும் ஒரு பொட்டளவு தடவிக் கழுவிவிட்டாள்.

"பார்த்தியா, பிள்ளையார் சுழி போட்டாச்சு!" துள்ளிய துள்ளலில் ரோஜா வழுக்கி விழப் பார்த்தது.

விடிந்ததும் அம்மா முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பொட்டு வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது.

"நல்லவேளை, உடம்பு முழுக்கப் போடலை!" என்று வெள்ளையனைக் கையில் எடுத்தாள். ரோஜாவைத் துடைத்துக் காயவைத்து, வாசனைக்காகப் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே செருகினாள்.

"நீ எங்கே இந்தப் பக்கம்?" என்றது மாம்பழக் கலர் புடவை.

"அதை ஏன் கேட்கிறே! நான் லேசாத் தொட்டதுக்கே பாப்பாவுக்கு வெட்கத்துல கை சிவந்துபோச்சுன்னா பார்த்துக்கோயேன்!" என்றது ரோஜா.