கோயில் மோட்டார் உபயம்

"தேதி இருந்தாப் போதும் எழில். காகிதமோ, போட்டோவோ, சுவரோ, எதுல இருந்தாலும் சரி" என்றார் வக்கீல் ஹமீதா பானு, ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தபடி.

அந்தத் தேதிதான் மூன்று மாதமாக எழில்மொழியின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளியில் அவள் நடத்துவது சின்னப் பட்டறை. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். வயல் மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறார்கள். அதற்கு சிம் கார்டு வேண்டாம், டவர் வேண்டாம். வீட்டுப் பெட்டி அடுத்த பெட்டிக்குச் சேதி அனுப்பும், அது அதற்கடுத்ததற்கு அனுப்பும், கடைசிப் பெட்டி மோட்டாரைப் போட்டுவிடும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது பெரிய நிம்மதி.

அந்த நிம்மதி ஒரு பெங்களூரு கம்பெனியின் கண்ணில் பட்டுவிட்டது. பெட்டிக்குப் பெட்டி சேதி கடத்தும் முறைக்கு 2018-லேயே மனுப் போட்டுக் காப்புரிமை வாங்கிவிட்டோம். எங்களோடு கூட்டுச் சேர்ந்து எங்கள் பெயரில் செய்து கொடு, இல்லாவிட்டால் பட்டறையை மூடு என்று வழக்குப் போட்டிருந்தது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்த ஹமீதா பானு, இதற்குக் கூட்டு என்று பெயர் வைத்த ஆளைத் தான் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். உழைப்பு இவர்களுடையது, பெயர் அவர்களுடையது, அதுதான் கூட்டாம்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. 2018-க்கு முன்பே இந்த முறை எங்கேயாவது நாலு பேர் பார்க்கப் புழக்கத்தில் இருந்தது என்று காட்டிவிட்டால், அதைச் செய்தவர் யாராக இருந்தாலும் காப்புரிமை செல்லாது. காட்ட வேண்டுமே? மாணவர்கள் செய்த பழைய புராஜெக்ட் ஏதாவது கிடைக்குமா என்று எழில்மொழி கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, கால் வலிதான் மிச்சம் என்று திரும்பியிருந்தாள். நேற்று பெட்டி வாங்க வந்த ஒரு விவசாயி, ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கோயில் மோட்டாரில் இதே மாதிரிப் பழைய பெட்டி இருக்கிறதே என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதைத் தேடித்தான் இருவரும் கிளம்பியிருந்தார்கள்.

மோட்டார் கொட்டகைச் சாவி கோயிலுக்கு அடுத்த வீட்டு அகிலாண்டத்திடம் இருந்தது. அறுபது வயதிருக்கும். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"அது எங்க உபயந்தாம்மா. வாங்க, காட்டுறேன்" என்று முன்னால் நடந்தார்.

நம்மவர்கள் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்தாலே வெளிச்சம் வர இடம் விடாமல் பெயர் எழுதுகிறவர்கள். முழுசாக ஒரு பெட்டி கிடைத்தால் விடுவார்களா? 'உபயம்: கா. வைத்தியலிங்கம் - அகிலாண்டம்' என்று சிவப்புப் பெயின்டில் பெட்டி முழுக்க எழுத்து. ஆன்டெனாவுக்கும் சந்தனம், குங்குமம். எழில்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடியில் தேதி இருந்தது. 15.1.2015, பொங்கல் திருநாள்.

அவள் அந்த எண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எட்டுப் பேரின் வேலையும் தப்பியது என்று நினைத்தபோது, அகிலாண்டத்தைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டும் விட்டாள்.

ஹமீதா பானு மட்டும் வக்கீலாகவே நின்றார். பெயின்ட் நேற்றுக்கூட அடித்திருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றார். அகிலாண்டம் அசரவில்லை. வீட்டுக்குப் போய் 2016 கும்பாபிஷேக மலரைக் கொண்டுவந்து விரித்தார். அதில் ஒரு போட்டோ, பெட்டிக்கு இந்தப்பக்கம் அவர், அந்தப்பக்கம் அவர் கணவர். வீட்டில் ஒரு பெட்டி, கோயில் மண்டபத்தில் ஒன்று, இங்கே ஒன்று, மூன்றும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் என்று மலரிலேயே அச்சாகியிருந்தது.

"இதைச் செஞ்சவர் யாருன்னு தெரியணும்மா. அவரே வந்து சொல்லிட்டார்னா கேஸ் முடிஞ்சுது" என்றார் ஹமீதா பானு.

"எம் புள்ளதாம்மா செஞ்சான், காலேஜு கடைசி வருசத்துல. அவன் பேரையும் எழுதச் சொன்னேன், பெயின்டரு இடமில்லைன்னுட்டாரு" என்று குறைப்பட்டுக்கொண்டே அகிலாண்டம் மகனை வீடியோ காலில் அழைத்தார்.

போனில் தெரிந்த முகத்தை எழில்மொழி உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அந்த முகமும் அவளை அடையாளம் கண்டுகொண்டது. பெங்களூரு கம்பெனியின் காப்புரிமைப் பத்திரத்தில் கண்டுபிடித்தவர் என்று கையெழுத்துப் போட்டு, போன மாதம் சமரசப் பேச்சில் கோட்டுப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர்தான்.

"டேய் சதீசு, இதை மொதமொதல்ல செஞ்சது நீதான்னு இவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுடா" என்று பெருமை தாங்காமல் போனை எழில்மொழியின் கையில் கொடுத்தார் அகிலாண்டம்.