காபிப்பொடி கலர் ஸ்வெட்டர்

"அம்சவல்லி! எழுந்திரு!"

ஏ.சி. ஹால் முழுக்கக் கேட்டது. சூப்பர்வைசர் மீனம்மாளுக்கு மெதுவாகப் பேச வராது.

அம்சவல்லி எழுந்தாள்.

"இந்த போர்டும் ரிஜெக்ட். இன்னா, கை நடுங்குதா?"

"குளிருது மேடம்."

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏ.சி. என்பதே புதுசு. மண்ணூரிலும் வடக்குப்பட்டிலும் வெயிலில் வளர்ந்த பெண்கள், எலக்ட்ரானிக் போர்டில் ஈயம் பற்றவைக்கும் சால்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்குவது சகஜம்தான்.

"குளிருதா? இந்தா, போட்டுக்கோ!"

மீனம்மாள் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டதைப் பார்த்ததும் லைன் மொத்தமும் சிரித்துவிட்டது.

அந்த ஸ்வெட்டரை எல்லோருக்கும் தெரியும். கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் மீனம்மாள் நாள்கணக்காகப் பின்னிக்கொண்டிருந்தது. காபிப்பொடி கலர். முன்னால் பட்டன். வேர்க்கடலையை ஒட்டவைத்த மாதிரி மேலெல்லாம் முண்டு முண்டாக ஒரு பின்னல். உள்ளே இரண்டு பேர் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"யாருக்குடி அது? ஆனைக்கா?" என்று பஸ்ஸில் கேட்டுச் சிரிப்பார்கள்.

"மேடத்துக்குத்தான் யாருமே இல்லையே. ஏதோ பொழுது போவணும்ல!"

காதில் விழும்படியேதான் சொல்வார்கள். மீனம்மாள் திரும்பிப் பார்க்க மாட்டாள். நாற்பதைத் தாண்டிய தனிக்கட்டை. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து சீட்டில் கம்பளி நூல் பைதான் உட்கார்ந்து வரும். பாவம் என்று சில சமயம் தோன்றும். அவள் வாயைத் திறந்தால் அந்தப் பாவமும் போய்விடும்.

"இன்னா பாத்துகினு நிக்கிறே? போடு. ஷிப்டு முடியற வரைக்கும் கழட்டக் கூடாது. நாளைக்கும் இதேதான். தினமும் இதேதான்."

அம்சவல்லி போட்டுக்கொண்டாள். கை, விரலைத் தாண்டித் தொங்கியது. கீழே முட்டியைத் தொட்டது.

"நெல்லு மூட்டை வந்துச்சுடோய்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அம்சவல்லி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள்.

பக்கத்து சீட்டு ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாசமாகவே அந்தம்மா இவளைக் குறி வைத்திருந்தாள். மூலை சீட்டுக்கு மாற்றினாள். ட்ரே தூக்கும் வேலையைப் பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்தாள். உனக்கு ஓ.டி. கிடையாது, நேரத்தோடு வீட்டுக்குப் போ என்றாள்.

தீபாவளிக்குப் பர்மனன்ட் ஆர்டர் வரப்போகிறது. சூப்பர்வைசர் 'சரியில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்சவல்லியின் வேலை போய்விடும். விரட்டத்தான் இத்தனையும் என்று ரஞ்சனிக்குச் சந்தேகமே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் நேராகப் போய் நின்றாள். மீனம்மாள் வழக்கம்போலக் கடைசி மேஜையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மேடம், உங்களுக்கு மனசாட்சி கீதா?"

மீனம்மாள் நிமிர்ந்தாள். "உக்காரு."

"உக்கார வரல. குளிருதுன்னா தனியாக் கூப்ட்டுக் குடுக்கறதுதானே? எல்லார் எதிர்லயும் வச்சி அசிங்கப்படுத்தினீங்களே, லைனே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். ஸ்வெட்டரைப் பாத்துச் சிரிக்கிறவ, ஆளை உத்துப் பாக்க மாட்டா."

"பாத்தா இன்னா?"

அந்த மேஜைப் பக்கம் எப்போதுமே யாரும் வருவதில்லை. இருந்தாலும் மீனம்மாள் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ ஒருத்திதான் அவளுக்காகச் சண்டைக்கு வந்தே. அதனால சொல்றேன். உன்னோட வச்சிக்கோ. அவளுக்கு அஞ்சாம் மாசம்."

ரஞ்சனி உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம்... அவளுக்குக் கல்யாணமே ஆவலையே! அக்கா வூட்லேர்ந்துதானே வர்றா?"

"அது மாமியார் வூடு. தாலியக் கழட்டி அரிசிப் பானையில போட்டுட்டு பஸ் ஏர்றா. கழுத்துல மஞ்சக் கறை போவல. அதைப் பாத்துட்டுத்தான் அவ ஊர்ல நைசா விசாரிச்சேன்."

"ஐயோ... பர்மனன்ட் ஆவற வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிகினுதானே எடுத்தாங்க! தெரிஞ்சா?"

"அன்னிக்கே வெளியே அனுப்பிடுவாங்க. ஆர்டர் கைக்கு வந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் வயிறு தெரியக் கூடாது. சாதாப் பின்னல் உடம்போட ஒட்டிக்கும். இது முண்டு முண்டா வெளியே நிக்கும். உள்ள இன்னா கீதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

ரஞ்சனிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கம்பளிப் பையைப் பார்த்துத் தானும்தான் சிரித்திருக்கிறாள்.

"நீங்க அவளுக்காகத்தான் இதெல்லாம் பண்றீங்கன்னு அவளுக்குத் தெரியுமா மேடம்?"

"தெரியாது. தெரிஞ்சா எங்கிட்ட சிரிச்சிப் பேசுவா. ஏன்னு நாலு பேர் கேப்பாங்க. வேணாம். அவ என்னைத் திட்டிகினே இருக்கட்டும்."

"மாட்டிகினா உங்க வேலையும் போயிடுமே. யாரோ ஒருத்திக்காக நீங்க ஏன் மேடம்?"

மீனம்மாள் டிபன் பாக்ஸை மூடினாள்.

"கிண்டியில நான் முதல்ல சேர்ந்த கம்பெனிலயும் இதே ரூலுதான். பர்மனன்ட் ஆவட்டும், அப்புறம் கல்யாணம் பண்ணிக்கலாம்னு அவர்கிட்ட சொன்னேன். ஆர்டர் வந்துச்சி. அவருதான் வரல."