பங்குனியில் குடிபோனவர்கள்

பெரியநாயகி கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

கோழி பாட்டுக்கு அடுப்படியில் மேய்ந்துகொண்டிருந்தது. திட்டு தனக்கில்லை என்பது அதற்கும் தெரியும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஓரகத்தி அனுசியாவுக்குத்தான் அது.

தோட்டத்து லயத்தில் வீடுகள் ஒட்டுவரிசை, தடுப்பு கூரை வரைக்கும் போவதில்லை. இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்மல். நேருக்கு நேர் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும் சண்டை போடாமல் படுத்த நாள் கிடையாது. எல்லாம் ஜாடைதான். இவளுக்குக் கோழி, அவளுக்குப் பூனை.

ஆரம்பித்தது ரேடியோவில். மாமனார் காரியம் முடிந்த மறுநாளே அவருடைய ரேடியோவை அனுசியா தன் பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பெரியநாயகி கோழியிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

“மாமா ரேடியோவ வச்சிட்டு எங்க வேணா ஒழிஞ்சி போவட்டும்.”

போன மாதம், மாசியில், வீடு வந்தது. லயத்தை இடிக்கப் போகிறார்கள். அதற்குப் பதிலாகப் பெம்பான் ஊரில் ஒரு கல்வீடு, செத்துப்போன மாமனார் பெயரில். மகனுக்கு ஒன்றாகச் சாவி இரண்டு. குடும்பமும் இரண்டு, வீடு மட்டும் ஒன்று. முதலில் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்களை அப்புறம் யாராலும் கிளப்ப முடியாது. மற்றவர்களுக்குத் தெருதான்.

ஆனால் மாசியும் பங்குனியும் குடிபோகிற மாதங்கள் இல்லையே. சித்திரை பிறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றுவிட வேண்டும் என்று பெரியநாயகி புதுப் பால்பானை வாங்கி, புருஷனுக்குக்கூடத் தெரியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

அதே மாசியில்தான் ரஷ்யாக்காரனும் ஆளில்லாத வீடு ஒன்றை வானத்துக்கு அனுப்பினான். தடுப்புக்கு மேலாக அனுசியாவின் ரேடியோ சொல்லித்தான் இவளுக்குத் தெரியும். மீர் என்று பெயராம். ஆட்கள் பின்னால் போவார்களாம். இரண்டு பேருக்கும் அது நல்ல வாகாகப் போய்விட்டது. மேலே காலியாகச் சுற்றுகிற வீட்டை வைத்தே பெம்பான் வீட்டைப் பேசினார்கள். செய்தி நேரம் வந்தால் இரண்டு பக்கமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு வீரர்கள் கிளம்பத் தயார் என்று செய்தி வந்த அன்று அனுசியா பூனையிடம் கேட்டாள்.

“ரஷ்யாக்காரன் பங்குனி பாத்துகிட்டா நிப்பான்?”

சாமி இல்லாதவன் வீட்டில் பால் பொங்குமா என்று பெரியநாயகி கோழியிடம் திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு ஜெயித்தது தான்தான் என்று அவள் நினைப்பு.

இன்று மலாக்காவில் ஒரு கருமாதி. லயமே பஸ் பிடித்துப் போயிருந்தது. அனுசியாவுக்குத்தான் தலைவலி, அவள் புருஷன் காந்தனுக்கு லாரி வேலை. காலையில் பூனையிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியநாயகியும் புருஷன் தம்புசாமியும் வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. சேலையைக்கூட மாற்றாமல் கோழியைப் பிடித்துக்கொண்டாள்.

தடுப்புக்கு மேலே வெளிச்சம் இல்லை. கரண்ட் மிச்சம் பிடிக்கிறாளாக்கும். தாளிக்கிற வாசனையும் இல்லை. புருஷனைப் பட்டினி போடுகிறாளாக்கும்.

செய்தி வந்தது. இரண்டு வீரர்களும் மீர் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

“பங்குனியில போறான் பாரு, வெளங்குமா அந்தக் குடும்பம்?” என்றாள் கோழியிடம்.

பதில் இல்லை.

முதலில் குளுகுளுவென்று இருந்தது. அனுசியா வாயடைத்துப்போய் நிற்கிறாள் என்றால் அது பொங்கல் வைத்துக் கொண்டாட வேண்டிய விஷயம். அனுசியாவின் அம்மா வீட்டை இழுத்தாள். அவள் கறுப்பை இழுத்தாள். காந்தனைப் போன்ற நல்ல பையன் தலையில் வந்து விடிந்த கதையையும் இழுத்தாள். ரேடியோ மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

எரிச்சலாகிவிட்டது அவளுக்கு. திருப்பிக் கொடுக்க ஆளில்லாத சண்டையில் என்ன ருசி இருக்கிறது?

இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கோழியை விட்டுவிட்டுத் தடுப்பைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏய் அனுசியா, வாயில என்ன கொழுக்கட்டையா?”

ரேடியோவில் பாட்டு ஆரம்பித்தது.

கையிலிருந்த கரண்டியோடு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளினாள்.

பாய் இல்லை, பாத்திரம் இல்லை, பூனை இல்லை. பெம்பான் வீட்டுச் சாவி தொங்கிய ஆணி சுவரில் வெறுமனே நின்றது. வாசல் ஈரமண்ணில் காந்தன் ஓட்டுகிற லாரியின் தடம். வரும்போது அதை மிதித்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

அரிசி டின்னுக்குள் இருக்கிற பானை ஞாபகத்துக்கு வந்தது.

காலி அறையில் ஒரே ஒரு பொருள் இருந்தது. மாமனாரின் ரேடியோ. தரையில், தடுப்பை ஒட்டி, அவள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். சத்தம் முழுசாகத் திருகியிருந்தது.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தம்புசாமி கேட்டான்.

“என்னலா சொல்றா அவ?”

பெரியநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மாமா ரேடியோவ வச்சிட்டுப் போயிட்டா.”