அட்டை ஊர் பார்த்த கதை

மழைக்காட்டுப் பூங்கா வாசலில் வாழ்ந்த ஓர் அட்டைக்கு வெகுநாள் ஏக்கம்.

"ஊர்க்காரங்க எல்லாம் நம்ம காட்டைப் பார்க்க வர்றாங்க. நாமளும் ஒருதடவை ஊரைப் பார்க்க வேண்டாமா, அக்கா?" என்று மரத்தில் இருந்த மந்தியிடம் கேட்டது.

"போய்ட்டு வா. மூக்குப்பொடி தடவுன காலா பார்த்து ஏறிடாத, காரத்துல சுருண்டு விழுந்துடுவ," என்றது மந்தி.

அன்று பரந்தாமன் என்றொருவர் வந்தார். முதல் மரப்பாலம் வரை நடந்தார், அருவி தெரிகிற மாதிரி நின்று செல்ஃபி எடுத்தார், திரும்பிவிட்டார். அவர் காலுறைக்குள் அட்டை இருந்தது.

வாசலுக்கு எதிரே டீக்கடை. அங்கே பஜ்ஜியைக் கடித்தபடி போனில் மனைவியிடம் சொன்னார்: "காடு முழுக்கச் சுத்தியாச்சு வசந்தி. பெருசா ஒண்ணுமில்ல."

அப்போதுதான் கால் அரித்தது. காலுறையைக் கழற்றியவர் போட்ட கூச்சலில் கடைக்காரர் உப்பு டப்பாவோடு ஓடிவந்தார். அட்டை சுருண்டு விழுந்து, மழைத்தண்ணீரில் உருண்டு, ஒருவழியாக உயிர் தப்பியது. சாலையைக் கடந்து மரத்தடிக்கு வந்துசேர விடிந்துவிட்டது.

குட்டி அட்டைகள் சூழ்ந்துகொண்டன.

"ஊர் எப்படி?" என்றது மந்தி.

"முழுக்கச் சுத்தியாச்சு அக்கா. ஒரே உப்பு, பஜ்ஜி வாசனை. பெருசா ஒண்ணுமில்ல. ஆனா ரொம்பத் தூரம்."

அட்டை மூச்சு வாங்குவதற்குள் மந்தி இரண்டே தாவலில் டீக்கடைக் கூரைக்குப் போய், ஒரு பஜ்ஜியோடு திரும்பிவந்து உட்கார்ந்தது.

"ம், சொல்லு. அப்புறம்?"