எலி கவிழ்த்த தேர்வு முடிவு

"நூறு வயது முதியவர் திடீர் மரணம், காரணம் புரியவில்லை!"

ஓவியர் சத்தமாகப் படித்ததும் எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது.

எங்கள் பத்திரிகையின் ஆண்டு மலருக்காக, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாள் பேப்பரை மேஜையில் விரித்திருந்தோம். மலர் பொறுப்பு என் தலையில். அந்த ஒரு நாளின் தலைப்புகளை வைத்து ஒரு சிரிப்புப் பக்கம் போடுவதாகத் திட்டம்.

"இதைக் கேளுங்க சார். ‘மழைக்கு வாய்ப்பே இல்லை.’ அதுக்குப் பக்கத்துலயே, ‘வானிலை அலுவலகத்துக்குள் வெள்ளம்’!"

"போதும்யா, வயிறு வலிக்குது."

"‘மேயரின் குடை கிடைத்தது, மேயர் ஆனந்தக் கண்ணீர்.’ இதெல்லாம் சும்மா சார். முதல் பக்கத்துக்கு வாங்க."

முதல் பக்கத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொட்டை எழுத்து. ‘எலி கவிழ்த்தது! தேர்வு முடிவு நாளை வெளிவரும்.’

அந்தக் கதை ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். அப்போதெல்லாம் தேர்வு முடிவு பேப்பரில்தான் வரும். ஊருக்கு எங்கள் பேப்பர் ஒன்றுதான். தேறினவர்களின் எண்களை ஈய எழுத்தில் ஒவ்வொன்றாகக் கோத்துப் பலகையில் அடுக்குவார்கள். அன்றைக்கு அச்சேறும் நேரத்தில் அத்தனையும் தரையில் கொட்டிப்போனது. பொறுப்பில் இருந்த உதவி ஆசிரியர், எலி தட்டிவிட்டது என்று தலைப்பே போட்டுவிட்டார்.

விடிந்ததும் ஊரே வாசலில் கூடிக் கல்லெறிந்தது. முதலாளி அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதிலிருந்து அவர் பெயர் எலி சார்.

"ரெண்டு ஆள் சேர்ந்து தூக்கற பலகை சார் அது. எலி கவிழ்த்துச்சாம்! யானைக்குட்டி போட்ட எலியா?" என்றார் ஓவியர். "இவரு தூங்கி விழுந்திருப்பாரு. பழி பாவம், எலி மேல. மலர் வெளியீட்டு விழா மேடைக்குக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் எலி பரிசு கொடுப்போம். கைதட்டல் பிச்சுக்கும்."

"வயசானவருய்யா."

"அதுக்காக? தப்பு பண்ணினவர்தானே?"

எனக்கும் அவர் மேல் பெரிய இரக்கம் ஒன்றும் இல்லை. வேலை நேரத்தில் தூங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

வாசலில் எங்கள் பொது மேலாளர் அம்மா நின்றிருந்தார். அவர் சிரித்து ஒருத்தரும் பார்த்ததில்லை.

"இப்பவே போன் பண்ணிக் கேளுங்க. கேட்டுட்டுப் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டு எலி சாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அடடே, தாராளமாப் போடுப்பா! எலி படத்தை நல்லா பெருசா வரையச் சொல்லு. மேடைக்கும் வர்றேன்."

ஓவியருக்கு வாய் சும்மா இருக்குமா? "சார், எவ்வளவோ வருஷம் ஆச்சு. இப்பவாவது நெஜத்தைச் சொல்லுங்க. எலியா, நீங்களா?"

"எலிதான்ப்பா. இந்தக் கண்ணால பார்த்தேன். வாலே இவ்ளோ நீளம்!"

ஓவியர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேலாளர் அம்மா விடுவிடென்று வந்து போன் பக்கம் குனிந்தார்.

"சார், தேர்வு அலுவலகத்துல டைப்பிஸ்டா இருந்தாரே, அவரோட பொண்ணு பேசறேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் சட்டென்று நின்றது.

"நேத்து அப்பாகிட்ட இந்த மலர் பத்திச் சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தவர் கை அப்படியே நின்னுபோச்சு. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டார். பட்டியல்ல ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கத்தையே அவர் விட்டுட்டாராம். வீட்டுக்கு வந்த பிறகு ஞாபகம் வந்து உங்ககிட்ட ஓடி வந்தாராம். அலுவலகம் பூட்டியாச்சு, விட்ட பக்கத்தைக் காலையிலதான் எடுக்க முடியும். அப்படியே அச்சடிச்சா அத்தனை பிள்ளைங்களும் ஃபெயில். காரணத்தைப் போட்டா அப்பா வேலை போயிடும். நான் அப்போ கைக்குழந்தை."

அம்மா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையாம். பலகையை ஒரே தள்ளாத் தள்ளிட்டு, ‘நீ இங்க வரவே இல்லை, வீட்டுக்குப் போ’ன்னீங்களாம். அப்பா வேலை நிலைச்சுது. உங்க வேலை போச்சு. மலர்ல இதைத்தான் சார் போடப் போறேன்."

"ஐயையோ, வேண்டாம்மா! உங்கப்பா தலைகுனியணுமா இந்த வயசுல? எலியே இருந்துட்டுப் போகட்டும்."

நாற்பது வருஷம்! ஒரு வார்த்தை வெளியே விடாமல், ஊர் சிரித்த சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு, இப்போதும் அந்த மனுஷரைக் காப்பாற்றவே பார்க்கிறார். இப்படியும் ஒருத்தர் இருப்பாரா! ஓவியர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

"யாருன்னே தெரியாத மனுஷனுக்காக ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?" என்றார் மேலாளர் அம்மா.

எலி சார் இந்த முறை மெதுவாகப் பேசினார்.

"அதுக்கு முந்தின வருஷம் பட்டியல்ல ஒரே ஒரு எண் விட்டுப்போச்சும்மா. மறுநாள் ரெண்டு வரி திருத்தம் போட்டோம். அதைப் படிக்கிறதுக்கு என் பையன் உயிரோட இல்லை."